ரைபோஃப்ளேவின் கரைசல்: கரைப்பது, சோதிப்பது, வெளிச்சத்திலிருந்து காப்பது

காலையில் 0.33 உறிஞ்சல் காட்டிய ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) கரைசல் மாலையில் 0.21 காட்டியது. முதலில் தராசைத் திட்டினேன், அப்புறம் ஸ்பெக்ட்ரோமீட்டரின் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) விளக்கைச் சந்தேகப்பட்டேன், கரைசலை ஊற்றி அதில் வைக்கும் சிறு சதுரக் குப்பியான குவெட்டை மூன்று முறை கழுவினேன். கடைசியில் குற்றவாளி ஜன்னல். குடுவையை வெயில் படும் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன், திரும்பி வருவதற்குள் உள்ளே இருந்த வைட்டமின் பி2-இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. ரைபோஃப்ளேவினோடு வேலை செய்யும் எல்லாரும் ஒருமுறையாவது இப்படி ஏமாந்திருப்பார்கள். நீங்கள் அந்த ஒருமுறையைத் தவிர்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்முறைக்குப் போகும் முன் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை மனதில் வரைந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதன் எல்லாக் குணங்களும் அந்தப் படத்திலிருந்தே வருகின்றன. கார்பன் 17, ஹைட்ரஜன் 20, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 6; மூலக்கூறு எடை 376.4. ஆனால் இந்த எண்களைவிட வடிவம்தான் முக்கியம். ஒரு தலை, ஒரு வால். தலை என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று வளையங்கள், தட்டையானது, ஐசோஅல்லாக்ஸசின் என்று பெயர். மஞ்சள் நிறம், ஒளிர்வு, எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் வேலை எல்லாம் தலையில்தான். வால் ஐந்து கார்பன் நீளமுள்ள ரைபிட்டைல் சங்கிலி, அதில் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகள். இதை ரைபோஸ் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. ரைபோஸ் வளையமாக மூடிக்கொள்ளும் சர்க்கரை. இது அதன் ஆல்கஹால் வடிவமான ரைபிட்டாலிலிருந்து வந்த திறந்த சங்கிலி, வளையமாக மூடவே மூடாது.

நான்கு ஹைட்ராக்சில் இருக்கிறதே, சர்க்கரை மாதிரி தண்ணீரில் ஓடிக் கரையும் என்றுதான் முதலில் தோன்றும். கரையாது. படிகத்துக்குள் அந்தத் தட்டைத் தலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்தால் பெரிது. ஒரே பொருளுக்குப் படிக வடிவங்கள் வேறுவேறாக இருப்பதால் ஒரு கிராமைக் கரைக்க 3,000 மில்லி முதல் 15,000 மில்லி வரை தண்ணீர் வேண்டும் என்று கையேடுகளில் போட்டிருப்பார்கள், அவ்வளவு பெரிய இடைவெளி. ஆகவே ஒரு பாக்கெட் கரைந்தது, அடுத்த பாக்கெட் கரையவில்லை என்றால் உடனே கலப்படம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஈதர், குளோரோஃபார்ம், அசிட்டோன், பென்சீன் எதிலும் கரையாது. இதில் குளோரோஃபார்மை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

சரி, கரைக்கலாம். நான் வழக்கமாகச் செய்வது லிட்டருக்கு 50 மில்லிகிராம். இதைவிட அடர்த்தியாகப் போனால் ஃபிரிட்ஜில் வைத்ததும் அடியில் ஆரஞ்சு ஊசிகளாகப் படிந்துவிடும், அப்புறம் மேலே நிற்கும் கரைசலின் அளவு என்னவென்று யாருக்கும் தெரியாது.

முதலில் அறை. ரைபோஃப்ளேவின் பிடித்து விழுங்குவது புற ஊதாவையும் நீலத்தையும்; 500 நானோமீட்டருக்கு மேலே அது ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. அதனால் சிவப்பு விளக்கோ நல்ல மஞ்சள் விளக்கோ போட்டு வேலை செய்யலாம். அது இல்லையென்றால் திரையை இழுத்துவிட்டு, டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்காராமல், குடுவையை அலுமினிய ஃபாயிலில் சுற்றிவிடுங்கள். பழுப்பு பாட்டில் இருக்கிறதே, ஃபாயில் எதற்கு என்று கேட்பார்கள். பழுப்புக் கண்ணாடி புற ஊதாவை நன்றாகத் தடுக்கும், நீலத்தை முழுக்கத் தடுக்காது, இந்தப் பொருளோ நீலத்தில்தான் உயிரை விடுகிறது. பாட்டிலும் வேண்டும், ஃபாயிலும் வேண்டும்.

50 மில்லிகிராமை எடை போடும்போது தூள் கரண்டியிலும் தாளிலும் ஒட்டிக்கொண்டு படுத்தும், கையில் பட்டால் மஞ்சள் கறை. எடைபோட்ட சிறு பாத்திரத்தை அப்படியே கழுவி ஊற்றிவிடுவதுதான் நல்லது, தட்டிக்கொட்ட முயலாதீர்கள். ஒரு லிட்டர் பருமன்குடுவையில் (கழுத்தில் அளவுக் குறி உள்ள குடுவை) தூளைப் போட்டு, முதலில் சில மில்லி தண்ணீர் மட்டும் விட்டு முழுக்க நனையும்படி சுழற்றுங்கள். நேராக ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினால் தூள் மேலே மிதந்து கழுத்தில் வளையமாக ஒட்டிக்கொள்ளும், அதை இறக்குவது பெரும்பாடு. நனைந்த பிறகு 800 மில்லி வரை தண்ணீர், அதோடு 1.2 மில்லி தூய அசிட்டிக் அமிலம். இது மொத்தத்தில் 0.02 மோலார் அமிலமாக நிற்கும். கரைப்பதற்காக இல்லை, கரைசலைக் காரப் பக்கம் போகாமல் பிடித்துவைப்பதற்காக.

இப்போது சூடு. 60, 70 டிகிரி நீர்த்தொட்டியில் குடுவையை வைத்து அவ்வப்போது சுழற்றுங்கள். வைட்டமின் ஆயிற்றே, சூடாக்கினால் கெட்டுவிடாதா என்று பயம் வரும். இந்த வைட்டமினுக்குச் சூடு பிரச்சினையே இல்லை. அமில, நடுநிலைக் கரைசலில் 120 டிகிரி ஆட்டோகிளேவையே (அழுத்த நீராவிக் கலன்) தாங்கும், உலர்ந்த தூள் 280 டிகிரி வாக்கில்தான் சிதையும். அடியில் ஒரு துகளும் இல்லை என்று ஆனதும் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, அதற்குப் பிறகே குறி வரை நிரப்புங்கள். சூடாக இருக்கும்போதே நிரப்பினால் ஆறிய பின் மட்டம் கீழே போய்விடும், இது எந்தக் கரைசலுக்கும் உள்ள விதிதான், ஆனாலும் அவசரத்தில் செய்துவிடுகிறோம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மில்லியில் தூளைப் போட்டால் கண்ணெதிரே கரைந்துவிடும். தலையில் இரண்டு கார்பனைல்களுக்கு நடுவே ஒரு நைட்ரஜன் இருக்கிறது, பிஎச் சுமார் 10-ஐத் தாண்டினால் அது தன் ஹைட்ரஜனை விட்டுவிடும், மூலக்கூறுக்கு மின்னூட்டம் வந்துவிடும், தண்ணீர் அள்ளிக்கொள்ளும். அழகான வேதியியல்தான், ஆனால் காரத்தில் இந்த மூலக்கூறு நிலையாக நிற்காது, வெளிச்சமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வழியில் போனால் இருட்டில், கரைந்த அடுத்த நிமிடமே தண்ணீரும் மேலே சொன்ன அசிட்டிக் அமிலமும் சேர்த்துவிடுங்கள். காரத்தில் விட்டுவிட்டு தொலைபேசியை எடுக்கப் போகாதீர்கள்.

அடுத்தது அளவு சரிபார்ப்பது. ரைபோஃப்ளேவினின் உறிஞ்சல் சிகரங்கள் 223, 267, 373, 445 நானோமீட்டரில் வரும். 445 தான் நமக்கு வசதி, சாதாரணக் கண்ணாடிக் குவெட் போதும். அந்த இடத்தில் மோலார் உறிஞ்சல் கெழு, அதாவது லிட்டருக்கு ஒரு மோல் உள்ள கரைசல் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் காட்ட வேண்டிய உறிஞ்சல், சுமார் 12,500. மூலக்கூறு எடையை இதனால் வகுத்தால் 0.030 கிராம், அதாவது 30 மில்லிகிராம் வருகிறது, எனவே கருவி காட்டும் எண்ணை 30-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 50 மில்லிகிராம் கரைசலை நேரடியாக வைத்தால் 1.66 காட்டும், அது கொஞ்சம் உயரம். ஐந்து மடங்கு நீர்த்து வையுங்கள், 0.33 வர வேண்டும். குவார்ட்ஸ் குவெட் கையில் இருந்தால் 267-இலும் ஒரு அளவு எடுத்து, 445-இன் எண்ணை அதனால் வகுத்துப் பாருங்கள். நல்ல பொருளில் 0.36-க்கும் 0.39-க்கும் நடுவே நிற்கும். எடை தவறினால் இந்த விகிதம் மாறாது, பொருள் கெட்டிருந்தால் மாறும். தராசா வெயிலா என்று எனக்குள் நடந்த சண்டையை அன்றே இந்த ஒரு வகுத்தல் தீர்த்திருக்கும்.

இனி அந்த வெயில் விவகாரம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது, ஒரு மதிய நேரம் போதும். நீர்த்த கரைசலை மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றுங்கள். ஒன்று ஃபாயிலில் சுற்றியது. இரண்டாவது அப்படியே. மூன்றாவதில் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் காரமாக்கியது. மூன்றையும் நேர் வெயிலில் வைத்துவிட்டு, நேரம் போகப்போக வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். சுற்றியது அப்படியே இருக்கும், அதே வெயிலில் அதே சூட்டில் இருந்தும். இரண்டாவதில் மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும். மூன்றாவது மஞ்சளாகவே இருக்கும், ஆகா, காரத்தில் கெடவில்லை போலிருக்கிறதே என்று நினைக்க வைக்கும். அதுதான் பொறி.

நடப்பது இதுதான். நீல ஒளியை வாங்கிய தலை கிளர்ச்சியடைகிறது, அந்த நிலையில் அதற்கு ஹைட்ரஜன் மேல் அகோரப் பசி. பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் தன் வாலிலிருந்தே பிடுங்குகிறது. பாம்பு தன் வாலையே கடித்த கதை. வால் அறுந்துவிடுகிறது. நடுநிலையிலும் அமிலத்திலும் வால் அடியோடு போய், மிஞ்சுவது லூமிக்ரோம். இது 445-இல் உறிஞ்சுவதில்லை, அதனால்தான் மஞ்சள் போகிறது, அதனால்தான் என் கருவி 0.21 காட்டியது. காரத்தில் வாலின் முதல் கார்பன் மட்டும் ஒரு மெத்தில் தொகுதியாகத் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அது லூமிஃப்ளேவின். தலையின் அமைப்பு மாறாததால் இதுவும் மஞ்சள், இதுவும் பச்சையாக ஒளிரும், 445-இல் நன்றாகவே உறிஞ்சும். கண்ணும் கருவியும் சேர்ந்து ஏமாறும் இடம் இது. வைட்டமின் செத்துவிட்டது, எண் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இங்கேதான் குளோரோஃபார்ம். மூன்றாவது குழாயை அசிட்டிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, அதில் பாதி அளவு குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி நிற்க வையுங்கள். புகைபோக்கி அலமாரிக்குள் மட்டும், கையுறையோடு. இதை வீட்டில் செய்ய வேண்டாம். கனமான குளோரோஃபார்ம் அடியில் இறங்கும், அதோடு மஞ்சளும் இறங்கும். கெடாத ரைபோஃப்ளேவினோடு இதையே செய்தால் அடி அடுக்கு நிறமில்லாமல் இருக்கும், மஞ்சள் மேலே தண்ணீரிலேயே நிற்கும். அந்த நான்கு ஹைட்ராக்சில்களும் மூலக்கூறைத் தண்ணீரில் கட்டிப்போட்டிருந்தன, வால் போனதும் கட்டு அவிழ்ந்தது. 1932-இல் ஜெர்மனியில் உயிர்வேதியியலாளர்கள் வார்பர்க்கும் கிறிஸ்டியனும் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் நொதியை எடுத்து, அதைக் காரத்தில் வெளிச்சம் காட்டி, குளோரோஃபார்முக்குள் இழுத்தது இதே லூமிஃப்ளேவினைத்தான். முழு மூலக்கூறின் கட்டமைப்பைப் பிடிக்க அந்தத் துண்டு உதவியது. 1935-இல் வேதியியலாளர்கள் கூன், காரர் ஆகியோரின் குழுக்கள் ரைபோஃப்ளேவினைத் தனித்தனியே செயற்கையாகவே தயாரித்துக் காட்டின. பாலின் தெளிநீரில் ஒளிரும் மஞ்சள் பொருள் ஒன்று இருக்கிறது என்று ஆங்கிலேய வேதியியலாளர் பிளைத் 1879-இலேயே எழுதிவைத்திருந்தார், வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

ஒளிர்வைப் பார்க்க இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும் இருட்டு அறையும் போதும், கண்ணுக்கு அதற்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கரைசல் தயாரிக்க வழியில்லாதவர்கள் ஒரு பி காம்ப்ளக்ஸ் மாத்திரையை எடுத்து, மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வடிகட்டலாம். பூச்சைச் சுரண்டச் சொல்வது அதில் வேறு சாயமும், கலங்க வைக்கும் வெள்ளைத் தூளும் இருக்கும் என்பதால். டார்ச் அடித்தால் மஞ்சள் கலந்த பச்சை வெளிச்சம், சுமார் 525, 530 நானோமீட்டரில். ஒன்றைக் கவனியுங்கள்: கரைசல் அடர்த்தியாக இருந்தால் டார்ச் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு பச்சைப் படலம் மினுங்கும், நடுவில் இருட்டாக இருக்கும். முன்வரிசை மூலக்கூறுகளே ஒளி முழுவதையும் விழுங்கிவிடுகின்றன, பின்னால் இருப்பவற்றுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற வெளிச்சம் உள்ளே நுழைந்து குழாய் முழுவதும் பரவும். நீர்த்தால் மங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஒரு நிமிடம் முழிப்பார்கள். ஒளிர்வை வைத்து அளவு எடுப்பவர்கள் கரைசலை மிகவும் நீர்த்துக்கொள்வது இதனால்தான்.

பிஎச் 6, 7 வாக்கில் ஒளிர்வு உச்சத்தில் இருக்கும். சில சொட்டு வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அணைந்துவிடும், காரம் விட்டாலும் அணைந்துவிடும். உடனே நடுநிலைக்குக் கொண்டுவந்தால் திரும்ப எரியும். இருட்டில் செய்தால் இதைப் பலமுறை ஆட்டிவைக்கலாம். (மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதும் இதே பொருள்தான், அதிலும் டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.1 முதல் 1.3 மில்லிகிராம், ஒரே வேளையில் 27 மில்லிகிராமுக்கு மேல் குடல் உறிஞ்சுவதில்லை, உறிஞ்சியதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.)

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடுத்தது. மஞ்சள் கரைசலில் கத்தி முனையளவு சோடியம் டைதயோனைட் போட்டு மெல்லக் கலக்குங்கள். நிறம் போய்விடும், ஒளிர்வும் போய்விடும், தண்ணீர் மாதிரி நிற்கும். தலையில் உள்ள இரண்டு நைட்ரஜன்கள் இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு ஹைட்ரஜன் அயனியையும் வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான், எதுவும் உடையவில்லை. குழாயை அசையாமல் வைத்துக் கவனித்தால் கொஞ்ச நேரத்தில் மேல்மட்டத்தில், காற்று தொடும் இடத்தில், மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று கட்டும். குலுக்கினால் முழுவதும் மஞ்சளாகிவிடும், டார்ச் அடித்தால் பச்சை திரும்ப வந்திருக்கும். டைதயோனைட்டை அள்ளிக்கொட்டினால் அது தீரும் வரை காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும், மஞ்சள் வரவே வராது, ஆகவே கொஞ்சம்தான். தூளை ஈரம் படாமல் மூடி வையுங்கள், நனைந்தால் சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது, நாற்றமும் சகிக்காது.

நம் உடம்பில் இந்த வைட்டமின் செய்யும் வேலையும் இந்தக் குழாயில் பார்த்ததுதான்: வாங்கு, கொடு, வாங்கு, கொடு. உடம்பு அதற்காக வாலின் நுனியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி எஃப்எம்என் ஆக்குகிறது, அதற்கு மேல் அடினின் உள்ள இன்னொரு துண்டையும் ஒட்டி எஃப்ஏடி ஆக்குகிறது. எஃப்ஏடி வாங்கிவைத்திருப்பவர்கள் அதே டார்ச்சை அடித்துப் பார்த்து, போலி சரக்கோ என்று பதற வேண்டாம். வால் வளைந்து அடினின் தலைமேல் படுத்துக்கொள்வதால் அது ரைபோஃப்ளேவினைவிடப் பல மடங்கு மங்கலாகத்தான் ஒளிரும்.

அடர்த்தியான கரைசல் கட்டாயம் வேண்டுமென்றால் சாதாரண ரைபோஃப்ளேவினோடு மல்லுக்கட்டாதீர்கள், எஃப்எம்என்-இன் சோடியம் உப்பை வாங்குங்கள், நூறு மடங்குக்கும் மேல் கரையும். எடை போடும்போது மட்டும் கவனம்: அந்த உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் ரைபோஃப்ளேவின், மீதி பாஸ்பேட்டும் சோடியமும் ஈரமும். கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்க்கு மருத்துவர்கள் 0.1 சதவீதச் சொட்டை விட்டு, 365-370 நானோமீட்டர் ஒளியை அரை மணி நேரம் காட்டி, விழிப்படலத்தின் கொலாஜனை இறுக்குகிறார்கள். நமக்குத் தொல்லை கொடுக்கும் அதே ஒளிப்பசிதான் அங்கே மருந்து.

அந்தப் பசி தன் வாலோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலவை தயாரிப்பவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள். வெளிச்சத்தில் ரைபோஃப்ளேவின் பக்கத்தில் இருப்பவற்றையும் தாக்கும், ஆக்சிஜனைக் கிளர்த்தி விட்டும் தாக்கும். வைட்டமின் சி-யோடு ஒரே கரைசலில் வைத்து வெளிச்சம் காட்டினால் முதலில் காலியாவது சி. கண்ணாடி பாட்டில் பால் வெயிலில் இருந்தால் ஒரு மாதிரி கருகிய வாடை வருவதும் இதன் கைவரிசைதான், பாலில் உள்ள ரைபோஃப்ளேவின் ஒளியை வாங்கி மெத்தியோனினைச் சிதைத்து மெத்தியோனலாக்கிவிடுகிறது. பி2 உள்ள எந்தக் கலவையானாலும் முழுவதையும் மூடி வையுங்கள், பி2-வுக்காக இல்லாவிட்டாலும் மற்றவற்றுக்காக.

தூள், இருட்டில் ஈரமில்லாமல் இருந்தால் அறை வெப்பநிலையிலேயே நெடுநாள் கிடக்கும். கரைசலுக்கு ஃபிரிட்ஜ், சூட்டுக்குப் பயந்து இல்லை, பூஞ்சைக்குப் பயந்து. எடுக்கும்போது அடியைப் பாருங்கள்: ஊசிகள் தெரிந்தால் முழுப் பாட்டிலையும் வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பிறகே பிப்பெட்டை விடுங்கள். எப்போது தயாரித்தது என்று நினைவில்லாத பாட்டில் கிடைத்தால் கொஞ்சம் ஊற்றி நீர்த்து 365 டார்ச்சை அடியுங்கள். மஞ்சள் பச்சை வந்தால் மேலே சொன்ன விகிதத்தையும் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். நீலம் கலந்து தெரிந்தால் அது லூமிக்ரோம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.